சூறைக்காற்றில் சாய்ந்த வாழைகள்: இழப்பை யார் சுமப்பது?

 

சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நமக்குக் கோடைமழை என்றாலே மகிழ்ச்சிதான். சித்திரை வெயிலில் தரை கொதித்துக் கிடக்கும். பிற்பகலில் கொல்லிமலைப் பக்கமோ சேர்வராயன் மலைப் பக்கமோ மேகம் திரண்டால், "இன்று மழை உண்டு" என்கிறோம். அதே மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று வேகமாகக் கீழிறங்கித் தரையில் மோதி, சூறைக்காற்றாகப் பரவுவதும் உண்டு. பரமத்தி வேலூர், மோகனூர் பகுதிக் காவிரிக் கரைத் தோட்டங்களில் அப்போது சில நிமிடங்களில் வாழைகள் சாய்ந்துவிடுகின்றன.

தார் தள்ளிய வாழைக்குத் தலைப்பாரம் அதிகம், வேரோ ஆழமில்லாதது. முட்டுக் கொடுத்தாலும் பலத்த காற்றில் நிற்பதில்லை. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு, வெட்டும் நேரத்தில் மண்ணில் கிடக்கிறது. பயிரிட்டவர் மட்டுமல்ல, தார் வெட்டுபவர், சுமப்பவர், வண்டி ஓட்டுபவர் என எத்தனையோ பேரின் வருமானமும் அதோடு விழுகிறது.

காற்றைக் கண்ட நபியவர்கள்

பலத்த காற்று வீசினால் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் கவலை தெரியும். உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள். மழை பெய்த பிறகே அந்தக் கவலை நீங்கும். ஆயிஷா (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, ஆது கூட்டத்தாரை நினைவூட்டினார்கள். அந்த மக்களும் மேகத்தைப் பார்த்து, மழை வருகிறது என்றுதான் மகிழ்ந்தார்கள். வந்ததோ அவர்களை அழித்த காற்று. இச்செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது.

நபியவர்கள் தமக்காக அஞ்சினார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்மில் சிலரோ அடுத்தவர் தோட்டம் விழுந்தால், "அவன் செய்த பாவம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியை டொர்னாடோ எனும் கொடிய சுழற்காற்று தாக்கியது. சுமார் 1,300 பேர் இறந்தார்கள். ஒரே சுழற்காற்றில் ஏற்பட்ட மிக அதிக உயிரிழப்பாக உலக வானிலை அமைப்பு அதைத்தான் பதிவு செய்திருக்கிறது. அது ரமளான் மாதம். நோன்பாளிகள் வாழ்ந்த ஊர் அது! யார் மீது ஏன் வந்தது என்பதை அல்லாஹ் அறிவான். காற்றைத் திட்டவும் நமக்கு அனுமதியில்லை. அதன் நன்மையைக் கேட்டு, அதன் தீமையிலிருந்து பாதுகாப்புத் தேடுவதே சுன்னத்.

மார்க்கம் கேட்கும் கேள்வி

காற்று ஓய்ந்த பிறகுதான் நமக்குரிய சோதனை தொடங்குகிறது. விற்ற கனிகள் பேரிடரில் அழிந்துவிட்டால், வாங்கிய சகோதரனிடம் அதற்கான விலையைப் பெறுவது ஆகுமானதல்ல. எந்த நியாயத்தில் அவனுடைய பொருளை எடுப்பாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்).

இப்படித் தள்ளுபடி செய்வது கட்டாயம் என்கிறார்கள் இமாம் மாலிக், இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர். மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் என்பது இமாம் மாலிக் அவர்களின் அளவுகோல். இமாம் அபூஹனீபா அவர்களும், பிந்தைய கருத்தின்படி இமாம் ஷாஃபிஈ அவர்களும் இது விரும்பத்தக்கது என்கிறார்கள். இன்று அரசின் பேரிடர் நிவாரணத்திலும் 33 சதவீதப் பயிர்ச்சேதமே அளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

கனி வாங்கி நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கிய ஒருவருக்காக நபியவர்கள் மக்களிடம் தர்மம் திரட்டினார்கள். திரண்டது கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தவர்களிடம் கூறிவிட்டார்கள். இதை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்).

நாம் செய்ய வேண்டியவை

தோட்டத்தை மொத்தமாக விலை பேசி விற்றவரா நீங்கள்? அழிந்த தார்களுக்கான பாக்கியைக் கேட்டு நெருக்காதீர்கள்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரா? மேற்கண்ட நபிமொழி கனி விற்பனையைப் பற்றியது. குத்தகைக்கு நேரடிச் சட்டமல்ல. ஆனால் அதன் நியாயம் உங்கள் மனசாட்சியைத் தொடட்டும். குத்தகையைக் குறையுங்கள், இல்லையேல் தவணை கொடுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் நிவாரணம் உங்கள் கணக்கில் வந்தால், அது பயிரிட்டவரின் இழப்புக்காக வந்தது. அதை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

கடன் கொடுத்தவரா? சிரமப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது என்றும் குர்ஆன் சொல்கிறது.

வியாபாரியா? விழுந்த தாருக்கு விலை குறைவதும் இயல்புதான். ஆனால் வேறு வழியில்லாதவர் என்று தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! கடனாளிகள் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர். மாற்றுமத அண்டை வீட்டாரும் இதே காற்றில்தான் நஷ்டப்பட்டார்கள். அவர்களுக்கு ஸதகாவிலிருந்து தாராளமாக உதவுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையிடமும் சேதத்தைப் பதிவு செய்ய, எழுதத் தெரிந்த நம் இளைஞர்களை அனுப்புங்கள்.

வாழை சாய்ந்தால் அதன் பக்கக்கன்று மீண்டும் வளரும். சாய்ந்த மனிதர் எழ, பக்கத்தில் நாம் நிற்க வேண்டும்.

யா அல்லாஹ்! காற்றை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக! இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக! பிறர் இழப்பில் பங்கெடுக்கும் உள்ளத்தை எங்களுக்கு வழங்குவாயாக! ஆமீன்.