ஊசலும் மூன்று ஆய்வுக்கூடங்களும்

அறிவியல் மாணவர் செய்முறை பயிலும் கூடங்கள் இன்று மூவகைப்படும்: மெய்நிகர், தொலைநிலை, நேரடி. தனி ஊசலைக் கொண்டு இவற்றை நாம் ஒப்பிடுவோம்.

மெய்நிகர்க் கூடத்தில் ஊசல் கணிப்பொறித் திரையில் மட்டுமே ஆடுகிறது. புவியீர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் எனச் செய்நிரலில் எழுதியிருப்பின், அதுவே விடையாகும். தொலைநிலைக் கூடத்திலோ மெய்யான ஊசலையே இணையவழி இயக்குகிறோம். லிஸ்பன் நகரில் தோன்றிய ‘உலக ஊசல்’ திட்டம் பல நாட்டு ஊசல்களை இவ்வாறு இணைக்கிறது. நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என மாறும் அளவின் போக்கை இருந்த இடத்திலிருந்தே உணரலாம்.

நேரடிக் கூடத்தில் நூலைக் கட்டுவதும் நிறுத்து கடிகாரத்தை அழுத்துவதும் நம் கையே. விடை 9.5 எனவும் வரலாம். பிழையின் காரணத்தைத் தேடும் பயிற்சி அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது. கருவியற்ற கல்லூரிக்கு ஏனைய இரண்டும் துணையாகும், மாற்றாகா.

9.5-ஐ 9.8 எனத் திருத்திப் பதிவேட்டில் எழுதுவோர் எந்தக் கூடத்திலும் கற்பதில்லை. கண்ட அளவு அமானிதம். அதனை மாற்றாது எழுதுவோமாக!