மானியத்துக்கு முன் பதிவு

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் புதுத் தொழிலுக்கு 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் அது உடனே கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கி வைப்பில் இருக்கும். தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். ஆகவே பதிவுகளை முதல் நாளே சரிசெய்து, கடைசிவரை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. உதாரணமாக, ஊறுகாய் போட்டு விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். ஆதாரில் இனிஷியலும் பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

“பதிவு செய்தால் ஜிஎஸ்டி வந்துவிடுமே” என்று பலர் தயங்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். ஜிஎஸ்டியோ விற்றுமுதலைப் பொறுத்தது: தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு, பொதுவாக ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் கட்டாயம்.