கல்மரம் இருக்கும் ஊரில் பாடத்துக்கு என்ன குறை?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வானிலை, பாறை, மண் பற்றிய பாடங்களைப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் நடத்துகிறேன். கருவிகள் எதுவும் இல்லை. வெளியே யாரிடம் உதவி கேட்கலாம்?

பதில்: பாறைப் பாடத்துக்குத் தமிழ்நாட்டில் பெரம்பலூரைவிட வாய்ப்பான மாவட்டம் அரிது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இந்தப் பகுதிவரை உள்ளே வந்திருந்த காலத்து மரம் அது. மணலில் புதைந்து, மரத்தின் திசுக்களில் சிலிக்கா படிந்து கல்லாகிவிட்டது. நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் அதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். பக்கத்திலேயே காரை. அங்கே மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் இருக்கின்றன. அரியலூர் அருகே வாரணவாசியில் இவற்றுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு. கடலே கண்ணில் படாத ஊரில் கடலின் தடயத்தைப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே பாதிப் பாடத்தை நடத்திவிடும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்: பார்க்கலாம், வரையலாம், படம் எடுக்கலாம், பொறுக்கி எடுத்து வரக் கூடாது.

வானிலைக்கு மழைமானியிலிருந்து தொடங்கலாம். பக்கவாட்டு நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனல்போலச் செருகினால் போதும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டடம், மரம் ஆகியவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது முக்கியம். தினமும் காலை 8.30-க்கு அளக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் அன்றாட மழையை அந்த நேரத்தில்தான் கணக்கிடுகிறது. பல தாலுகா அலுவலகங்களில் மழைமானி இருக்கிறது. தலைமையாசிரியர் கடிதத்தோடு போய்க் கேட்டால், இரண்டு அளவுகளையும் பிள்ளைகள் ஒப்பிட முடியும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் நீர்; பள்ளிக் கூரையில் எத்தனை லிட்டர் விழுந்தது என்பது அன்றைய கணக்குப் பாடமாகட்டும்.

துணைக்கு ஆள் வேண்டுமா? 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையை அணுகலாம்; அது வெளியிடும் ‘துளிர்’ மாத இதழ் வகுப்பறைக்கு உதவும். ஊரில் கிணறு வெட்டியவர்களையும் ஒருநாள் வகுப்புக்கு அழைக்க வேண்டும். எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் பாறை என்பதை அவர்கள்தாம் கண்ணால் பார்த்தவர்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் மழைமானியை வைத்துவிடுங்கள்.