உயர் இரத்த அழுத்தமும் உறுப்புகளின் காப்பும்

இரத்த அழுத்தம் மிகும்பொழுது இருதயத்தின் இடக் கீழறை ஓயாது பளுவைச் சுமந்து தடித்துப்போகிறது. மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்ணிய நாளங்களும் சிதைகின்றன. ஆயினும் நோயாளி பெரும்பாலும் எவ்வித வலியும் உணர்வதில்லை. தீங்கு மிகுவதற்கு இதுவே காரணம்.

சிகிச்சையால் இக்கேடுகளைத் தடுக்கவியலும் என்பது 1967-ல் அமெரிக்காவில் தெளிவாக நிறுவப்பட்டது. இருதயம் தளரும் வேளையில் காணும் கீழளவு 115 முதல் 129 மில்லிமீட்டர் வரை இருந்த 143 முன்னாள் படைவீரரை எட்வர்ட் ஃபிரைஸ் குழுவினர் ஆராய்ந்தனர். போலி மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேர் கடுங்கேட்டிற்கு உள்ளாயினர். மருந்துண்ட 73 பேரில் இருவரே உள்ளாயினர். அம்மருந்துகளுள் ஒன்றான ரிசர்பின், சர்ப்பகந்தா வேரினின்று கிடைப்பது. அவ்வேரின் பயனைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-லேயே எடுத்துரைத்திருந்தார். இன்று அம்லோடிபின், டெல்மிசார்டன் முதலியன அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

அளவு 140/90-க்குக் கீழ் இறங்கியதும் நோய் தீர்ந்ததெனக் கருதி மருந்தை நிறுத்துவோர் பலர். அது இறங்கியிருப்பதே மருந்தினால்தான். நிறுத்தினால் மீண்டும் ஏறும். ஆகவே களப்பணியாளர் இல்லங்களுக்குச் செல்லும்பொழுது அழுத்தத்தை அளப்பதோடு, எஞ்சியுள்ள மாத்திரைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.