எங்கேயோ பார்த்த முகம்

நம்பிக்கை: அழகான முகம்தான் மனத்தில் தங்கும்.

உண்மை: லட்சணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சராசரிதான். 1990இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜூடித் லாங்லாயும் லோரி ராக்மனும் பல முகங்களைக் கணினியில் ஒன்றாகக் கலந்தார்கள். கலந்து வந்த முகம், அதில் சேர்ந்த முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகு என்றார்கள் பார்த்தவர்கள். மூக்கு நீளமும் இல்லை, சப்பையும் இல்லை. நெற்றி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இப்படி எல்லாம் அளவாக இருந்துவிட்டால் நினைவு எதைப் பற்றிக்கொள்ளும்? தூக்கலான தாடையும் ஒட்டிய கன்னமும் விலகிய கண்களும்தான் நிற்கின்றன. கண்ணாடி முன் நின்று தன் மூக்கை நினைத்துக் கூசும் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: கண்ணை வைத்துத்தான் ஆளை அறிகிறோம்.

உண்மை: புருவத்தை மறந்துவிடுகிறோம். 2003இல் எம்ஐடியின் பவன் சின்ஹா குழு, பிரபலங்களின் படங்களில் ஒருமுறை கண்களையும் ஒருமுறை புருவங்களையும் அழித்துக் காட்டியது. புருவம் போன முகங்களில்தான் பார்த்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள்.

நம்பிக்கை: "ஆயிரம் பேர் நடுவில் நிறுத்தினாலும் அவனைக் காட்டுவேன்."

உண்மை: பொய்யே சொல்லாமல் இதில் தவறிவிடலாம். சாதாரண முகங்கள், முன்பின் பார்த்திராதபோதும் 'எங்கேயோ பார்த்த முகம்' என்று தோன்றவைக்கும். பார்த்த முகத்தின் இடத்திலேயே வேறொன்று வந்து உட்கார்வதும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். பிழைத்தால் இவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று, அந்த நேரத்திலும் முகத்தை உற்றுப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டவர் அவர். போலீஸ் காட்டிய படங்களில் ரொனால்ட் காட்டனைச் சுட்டினார். பிறகு அடையாள அணிவகுப்பிலும் அவரையே சுட்டினார். ஒவ்வொரு முறை சுட்டியபோதும் காட்டனின் முகம் இன்னும் ஆழமாகப் பதிந்தது. அந்த வழக்கின் 1987 மறுவிசாரணையில் பாபி பூல் என்பவரை நேரில் நிறுத்தியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார் அந்தப் பெண். 1995இல் மரபணுச் சோதனை பூல்தான் குற்றவாளி என்று காட்டியது. அதற்குள் காட்டன் பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்துவிட்டார். உண்மை தெரிந்த பின்னும், அந்த இரவை நினைத்தால் காட்டனின் முகமே முன்னால் வருகிறது என்று அந்தப் பெண்ணே சொன்னார்.