அமிலாய்டு ஆக்கமும் நொதித் தடை மருந்துகளும்

முதுமையில் நினைவாற்றல் சற்றே தளர்வது இயல்பு. ஆனால் பெற்ற மக்களின் பெயரும், நாள்தோறும் நடந்த வழியும் மறந்துபோதல் முதுமையின் இயல்பன்று, அது நோய். இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது ஆல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர், இந்நோயுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு இடையே படிவுகளும், அவற்றின் உள்ளே சிக்குண்ட இழைகளும் இருத்தலை 1906-இல் எடுத்துரைத்தார்.

அப்படிவுகளின் முதன்மையான பொருள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத் துண்டாகும். நோயாளிகளின் மூளை இரத்தக் குழாய்களிலிருந்து இதனைக் கிளென்னர், வாங் ஆகிய இருவரும் 1984-இல் பிரித்தெடுத்தனர்.

இத்துண்டு எவ்வாறு உண்டாகிறது? நரம்பணுவின் உறையை ஊடுருவி நீண்டதொரு முன்னோடிப் புரதம் நிற்கிறது. பீட்டா செக்ரிடேஸ் என்னும் நொதி அதனை உறைக்கு வெளியே வெட்டுகிறது. பின்னர்க் காமா செக்ரிடேஸ் உறைக்குள்ளேயே வெட்டுகிறது. இடையில் விடுபடும் துண்டில் பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் இருக்கும். 42 உடையதே எளிதில் திரண்டு படியும் தன்மையது. கரும்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுக்க இரண்டு வெட்டுகள் வேண்டும்; ஒன்று நின்றாலும் துண்டு கிடைக்காது. ஆகவே, இந்நொதிகளுள் ஒன்றன் செயலிடத்தில் பொருந்தி அதனை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் அமிலாய்டு குறையும் என ஆராய்ச்சியாளர் எண்ணினர்.

அமிலாய்டு குறைந்தது உண்மையே, நோயோ குறையவில்லை. காமா செக்ரிடேஸைத் தடுக்கும் செமாகசெஸ்டாட் என்னும் மருந்தின் சோதனை 2010-இல் நிறுத்தப்பட்டது. மருந்துண்டோரின் அறிவாற்றல் மேலும் தாழ்ந்தது. தோல் புற்றுநோயும் அவர்களிடையே மிகுந்தது. உயிரணுக்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் நாட்ச் என்னும் புரதத்தையும் இந்நொதியே வெட்டுகிறது என்பது கருதத்தக்கது.

பீட்டா செக்ரிடேஸ் 1999-இல் இனங்காணப்பட்டது. அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் அமிலாய்டு இன்றியும் உயிர் வாழ்ந்தமையால் நம்பிக்கை பெருகியது. இதனைத் தடுக்கும் வெருபெசெஸ்டாட், மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டை 60 விழுக்காட்டிற்கு மேல் குறைத்தது. எனினும் பயனின்மையால் ஒரு சோதனை 2017-இலும், நோயின் தொடக்க நிலையினரிடம் நடந்த மற்றொன்று 2018-இலும் நின்றன. பின்னதில், மிகுந்த அளவு உண்டோர் போலி மாத்திரை உண்டோரினும் பின்தங்கினர். நரம்பு உறையாக்கத்திற்கு வேண்டிய நியூரெகுலின் முதலிய பல புரதங்களையும் இந்நொதி வெட்டுகிறது. அப்பணிகள் தடைப்பட்டமையே தீங்கிற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

ஆயினும் கருத்து முற்றும் பொய்யன்று. ஐஸ்லாந்து மக்களுள் சிலரிடம் முன்னோடிப் புரதத்தின் மாற்றுவடிவம் ஒன்று இருப்பதும், அவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வருவதும் 2012-இல் வெளியாயின. ஆய்வகத்தில் அவ்வடிவம் அமிலாய்டு ஆக்கத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது. அங்கே நொதி முடக்கப்படவில்லை. வெட்டுண்ணும் பொருளே சிறிது மாறியுள்ளது. அதுவும் பிறவி முதலே.

படிவுகள் நிறைந்தபின் ஆக்கத்தை நிறுத்துவது காலங்கடந்த செயலாகலாம். நொதியை முற்றும் அடைப்பது அதன் நற்பணிகளையும் அடைப்பதாகும். எவ்வளவு தடுப்பது, எப்பொழுது தடுப்பது என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே இவ்வழி பயன் தரும்.