நடக்க வைத்துப் பார்க்கும் இருதயச் சோதனை

நெடுந்தீவில் மலை கிடையாது. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரம் போய் இறங்கினால் பனையும் கல்வேலியுமாகச் சமதரைதான். அங்குள்ளவருக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுகினால், "காத்துக்குள்ள மிதிச்சது, அதுதான்" என்று விட்டுவிடுவார். நமது தோட்டத்திலே கொழுந்தோடு மேட்டுமலை ஏறும் அம்மாவுக்கும் அதே இறுக்கம் வரும். அவர் "வாய்வு" என்று இஞ்சித் தண்ணி குடிப்பார். இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம்.

சும்மா படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. இப்படிப்பட்ட பலருக்கு நன்றாகவே இருக்கும். இரத்தக்குழாய் ஒடுங்கியிருந்தாலும் ஓய்வில் இருதயத்துக்குத் தேவை குறைவு. வேலை கூடினால்தான் பற்றாக்குறை தெரியும். அதனால்தான் ஓடும் பட்டியில் நடக்க வைத்து ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். சியாட்டில் நகர வைத்தியர் றொபேட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறையில், மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகத்திலும் நூற்றுக்குப் 10 ஏற்றத்திலும் தொடங்கி, 3 நிமிடத்துக்கொரு தடவை இரண்டையும் கூட்டுவார்கள். தீவுக்காரருக்கு அது ஒரு மலை. நமக்கு லயத்துக்குப் போற பாதை!

முடிவை எப்படிக் கணிப்பது? டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்குத் தந்தார்கள். நடந்த நிமிடங்களை எடுங்கள். ஈ.சி.ஜி. கோடு தாழ்ந்த மில்லிமீற்றரை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். நெஞ்சுவலி வந்தால் இன்னும் 4, வலியால் நிறுத்த நேர்ந்தால் 8 கழியுங்கள். 9 நிமிடம் நடந்து ஒன்றும் வராதவருக்கு 9. 5 நிமிடத்தில் வலியால் நின்று, கோடும் 2 மில்லிமீற்றர் தாழ்ந்தவருக்கு 5இல் 10உம் 8உம் போக, பூச்சியத்துக்குக் கீழே 13. 5உம் அதற்கு மேலும் என்றால் ஆபத்து குறைவு. கீழே 11உம் அதற்கு அப்பாலும் என்றால் அதிகம். 1991இல் வெளியான அவர்களது ஆய்வில், 4 வருடத்தின் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 99 பேரும் கடைசிப் பிரிவில் 79 பேரும் உயிரோடிருந்தார்கள்.

சோதனை நன்றென்றால் மாரடைப்பே வராது என்று நினைக்க ஏலாது. சிறிய கொழுப்புப் படிவும் திடீரென வெடித்துக் குழாயை அடைக்கலாம். பெண்களுக்கு இந்தச் சோதனை பிழையாகக் காட்டுவதும் கூட. கொழுந்தெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

ஓய்விலேயே வலி வந்து, வியர்த்து, கை தாடைக்கும் பரவினால் அது சோதனைக்குரிய நேரமல்ல. உடனே 1990க்கு அழையுங்கள். நெடுந்தீவார் யாழ்ப்பாணம் போகக் கடலைத் தாண்ட வேண்டும். நமக்கு றோட்டாவது உண்டு.

கிளினிக்குக்குப் போகும்போது எந்த மேட்டில் வலி தொடங்கியது, நின்றபின் எத்தனை நிமிடத்தில் போனது என்று டொக்டரிடம் சொல்லுங்கள். நடக்க வைத்துப் பார்ப்பதா என்பதை அதைக் கேட்டுத்தான் அவர் யோசிப்பார்.